கார்டியன் படிவத்தில் என் பெயர்

என் பிரியத்துக்குரிய அக்கா,

நீ போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. இத்தனை நாள் கழித்து எழுத உட்கார்ந்ததற்குத் துக்கம் காரணமில்லை. துக்கம் இருக்கிறது, அது பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு சொல்லைப் பற்றியும் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றியும் உன்னிடம் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் உடனே எனக்குச் சமாதானம் சொல்லிவிடுவார்கள். நீதான் குறுக்கே பேசாமல் கேட்பாய்.

முதலில் ஊர்ச் செய்தி. அன்னூரிலிருந்து நம் ஊருக்குத் திரும்பும் முக்கில் நின்ற புளியமரங்களை வெட்டிவிட்டார்கள், ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்களாம். உன் மாடுகள் இரண்டும் பக்கத்துத் தோட்டத்து ருக்குமணி வீட்டில் நிற்கின்றன. வாழை இந்த முறை நன்றாக வந்திருக்கிறது. மேகலா நன்றாக இருக்கிறாள்.

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு அடிக்கலாமா என்று யோசித்தேன். இருபது வருடமாக நீ என்னிடமும் நான் மற்றவர்களிடமும் சொல்லி வந்த வாக்கியம். உண்மையா என்று யாரும் பார்த்ததில்லை.

உன் மகளுக்கு முப்பத்தொன்று நடக்கிறது. ஆனால் அரசாங்கப் படிவத்தில் அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்ற கட்டத்தில் டிக் விழுந்துவிட்டால், பதினெட்டு தாண்டிய பிறகும் ஒரு கார்டியன் வேண்டும். பெற்ற தாயே ஆனாலும் மனுக் கொடுத்துத்தான் வாங்க வேண்டுமாம். நீ கொடுக்கவில்லை. மச்சான் போன பிறகும் கொடுக்கவில்லை. ‘எம் புள்ளைய நாம் பாத்துக்கறதுக்கு எவங்கிட்டப் போய்க் கேக்கோணும்’ என்று என்னிடம் ஒருமுறை சீறினாய். அது நியாயம்தான், நீ இருக்கும் வரைக்கும். இன்றைக்கு அவளுக்கு ஒரு ஆபரேஷன் என்றால் கையெழுத்துப் போட ஆளில்லை. ஆகவே தாய்மாமன் என்ற முறையில் நான் மனுக் கொடுத்தேன்.

எனக்கு அந்தச் சொல் புதிதல்ல. கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீலின் மாடி அறையில் உட்கார்ந்து, இங்கிலீஷ் பத்திரங்களைத் தமிழிலும் தமிழ் மனுக்களை இங்கிலீஷிலும் மாற்றிக் கொடுத்தே முப்பது வருடத்தை ஓட்டியவன். ‘ஊரான் ஊட்டுச் சண்டைய ரெண்டு பாசையில எழுதறதுக்கு உனக்கு ஒரு ஆபீசா தம்பி’ என்று நீ கிண்டல் செய்வாய். கார்டியன் என்று வந்த இடத்திலெல்லாம் பாதுகாவலர் என்று எழுதி, காற்புள்ளி வைத்து, அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். ஒரு தடவைகூட அங்கே நின்றதில்லை. அந்த இடத்தில் என் பெயரை எழுதியபோதும் நிற்கவில்லை. கையெழுத்து அழகாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

மனுவை விசாரிக்க ஒரு பெண் அலுவலர் உன் வீட்டுக்கு வந்தார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், வயது முப்பதுக்குள் இருக்கும். சர்ட்டிபிகேட், சிட்டா, வாரிசுச் சான்று எல்லாவற்றையும் நான் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அவர் அவற்றைப் புரட்டிவிட்டுத் தள்ளி வைத்தார். பிறகு என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

மேகலாவுக்கு எது பிடிக்காது? வலித்தால் எப்படிச் சொல்வாள்? எதற்குப் பயப்படுவாள்? வேண்டாம் என்பதை எப்படிக் காட்டுவாள்? மாத விலக்கை அவளே பார்த்துக்கொள்வாளா, யாராவது உதவ வேண்டுமா? எந்தக் கையால் சாப்பிடுவாள்?

ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. நல்லா இருக்குதுங்க, ஒண்ணும் தொந்தரவில்லீங்க என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அவர் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியாக, அம்மா இறந்துவிட்டது மேகலாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும், சொல்லிவிட்டோம் என்றேன். அது பொய். மற்றதற்கெல்லாம் தெரியவில்லை என்று விழித்தவன், இதற்கு மட்டும் தயங்காமல் பதில் சொன்னேன்.

பிறகு அவர் மேகலாவைக் கூப்பிட்டு, என்னைக் காட்டி, “இவங்க யாருங்க அம்மணி?” என்று கேட்டார்.

மேகலா என்னை மேலும் கீழும் பார்த்தாள். “சனிக்கெழமை வருவாங்க. காப்பி குடிச்சுப்போட்டுப் போவாங்க” என்றாள்.

அதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க முடியாது அக்கா. அலுவலர் சிரிக்கவில்லை, அதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். மனுவைத் தள்ளவும் இல்லை. ஒரு மாதம் அவகாசம் தருகிறேன், இங்கேயே இருந்து பாருங்கள், மறுபடி வருகிறேன், அதற்குப் பிறகுதான் மனுவை முடிவு செய்யும் குழுவுக்கு எழுதுவேன், உறவில் சரியாக வராவிட்டால் ஒரு இல்லத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று கணபதியில் என் வீட்டுக்குத் திரும்பி வந்ததும் அகராதியை எடுத்தேன். சொற்களின் பூர்வீகம் சொல்லும் அந்தத் தடிப் புத்தகம், உனக்குத் தெரியும், இடியாப்பம் பிழிய உயரம் போதவில்லை என்று நீ அதன்மேல் ஒருமுறை பாத்திரத்தை வைத்தாய்.

கார்டியன் இங்கிலீஷுக்குப் பிரெஞ்சிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கு அதைக் கொடுத்தது அவர்கள் நாட்டுக்குள் வந்து ஆண்ட ஒரு ஜெர்மானியக் கூட்டம். அந்தக் கூட்டத்தார் சொன்ன சொல் வ-வில் தொடங்குவது. பிரெஞ்சு நாக்குக்கு அந்த வ சரிப்படவில்லை, க மாதிரி ஒரு ஒலியாக மாற்றிக்கொண்டது. நம்மவர்கள் வீட்டை ஊடு என்பதில்லையா, அந்த மாதிரி நாக்கின் சௌகரியம்தான். ஆனால் பிரான்சிலேயே வடக்குப் பக்கத்து ஆட்கள் வ-வை விடாமல் வைத்திருந்தார்கள். இங்கிலீஷ்காரன் இரண்டு பக்கத்திலும் வாங்கிப் போட்டுக்கொண்டான். ஹாஸ்டல் வார்டனும் கோர்ட்டு கார்டியனும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது அப்படித்தான். கார்டியனிடம் ஒப்படைக்கப்படுகிறவருக்கு வார்டு என்று பெயர், அதுவும் அதே குடும்பம்.

இதெல்லாம் அரைகுறையாக நான் அறிந்ததுதான். அறியாதது அந்தப் பழைய சொல்லின் முதல் அர்த்தம். காப்பது இல்லை, மூடி வைப்பதும் இல்லை. பார்ப்பது. கண்ணை எடுக்காமல் கவனித்துப் பார்ப்பது. காப்பது என்பது அதற்குப் பின்னால் வந்து சேர்ந்த அர்த்தம். யாருக்கு என்ன நேருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும், பிறகுதான் மற்றது என்று அந்த ஆட்கள் நினைத்திருப்பார்கள் போல. முப்பது வருடம் அந்தச் சொல்லைப் பெயர்த்தவனுக்கு இது தெரியவில்லை. படிவத்தோடு வந்த பெண்ணுக்குத் தெரிந்திருந்தது, அவர் எந்த அகராதியையும் புரட்டியிருக்க மாட்டார்.

பார்ப்பதைத்தான் நாம் இருவரும் சேர்ந்து ஒழித்தோம். கோபப்படாதே, உன்னை மட்டும் சொல்லவில்லை.

மேகலா பெரியவளானபோது தாய்மாமன் சீர் செய்ய வேண்டியவன் நான். பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்ட ஆள் சொல்லியாகிவிட்டது, சேலை எடுத்தாகிவிட்டது, தட்டு சுமக்க உறவுக்காரர்களுக்கு வாக்குச் சொல்லியாகிவிட்டது. முதல் நாள் நீ போன் செய்தாய். ‘வேண்டாங் கண்ணு. நாலு பேரு வந்து நின்னு அதையவே பாப்பாங்க. அது மெரண்டுக்கும்’ என்றாய். சரிக்கா என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குப் பெரிய நிம்மதி. சபை நடுவில் அந்தக் குழந்தைக்குப் பக்கத்தில் நின்று, எல்லாருடைய முகத்தையும் சந்திக்க வேண்டியிருக்குமே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. நீ மறித்தாய், நான் தப்பித்தேன். உனக்கு அது தெரியுமா? தெரிந்துதான் மறித்தாயா?

அதற்குப் பிறகு உறவில் மேகலா ஒரு ஆளாகவே இல்லாமல் போனாள். பத்திரிகை வைக்கிறவர்கள் குடும்பத்தோடு வாங்க என்பார்கள், நீ தனியாகப் போவாய். என் மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தத்தோடு வந்துவிட்டு, பாப்பா தனியா இருக்குது என்று பந்திக்கு முன்னால் கிளம்பினாய். நான் இலைச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன், அதை ரொம்ப அன்பான காரியம் என்று நினைத்துக்கொண்டேன். ஏன் அழைத்து வரவில்லை என்று மண்டபத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நம் பக்கத்து மரியாதை அப்படி. ஒருவர் தானாகச் சொல்லாததை நாம் கேட்க மாட்டோம். ஏனுங்க, எப்படி இருக்குதுங்க, நல்லா இருக்குதுங்க, செரிங்க. இந்த நான்கு வார்த்தையில் ஒரு பெண்ணின் இருபது வருடம் போய்விட்டது.

நீ இறந்த அன்றும் அதே மரியாதைதான். நான் பிறந்த வீட்டுக் கோடித் துணியோடு வந்து இறங்கியபோது மணி பத்து. ஆட்கள் நிறைய. மேகலா உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். சனம் அவளைப் பார்த்ததா, அவள் உன்னைப் பார்த்தது எனக்குப் பொறுக்கவில்லையா, இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப் போனேன். “அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்குது கண்ணு, வந்துரும், நீ இங்கயே இரு” என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். உன்னைத் தோட்டத்தில் அடக்கம் செய்து, குளித்துவிட்டு வந்த பிறகுதான் திறந்தோம். அதற்குப் பிறகு ருக்குமணியும் என் மனைவி சுலோச்சனாவும் மற்றவர்களும் அதே ஆஸ்பத்திரியையே பிடித்துக்கொண்டார்கள். நான் தொடங்கியதை மாற்ற யாருக்கும் வாய் வரவில்லை.

இதைத்தான் அந்த அலுவலரிடம் சொல்லிவிட்டோம் என்றேன்.

ஆக, வக்கீலிடம் ஒரு மாதம் லீவு சொல்லிவிட்டு உன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். சுலோச்சனா வாரக் கடைசியில் வந்து போனாள். முன்பு பத்து நாள் மேகலாவைக் கணபதிக்கு அழைத்துப்போய் வைத்திருந்து, சாப்பிடாமல் பால்கனியிலேயே நிற்கிறாள் என்று திருப்பிக் கொண்டுவந்து ருக்குமணி பொறுப்பில் விட்டிருந்தோம். அதனால் இந்த முறை நான்தான் விருந்தாளி.

கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் நானும் பார்த்துவிட்டேன் என்பதற்காக. அவளுக்கு இடது கைப் பழக்கம், சாப்பிட மட்டும் வலது. சோற்றில் தயிரை நாம் ஊற்றினால் தொட மாட்டாள், பக்கத்தில் வைத்தால் அவளே ஊற்றிக்கொள்வாள். குக்கர் விசிலுக்குப் பயம், இடிக்குப் பயமில்லை. வேண்டாம் என்றால் வாயால் சொல்ல மாட்டாள், முந்தானையை இறுக்கிச் சுற்றிக்கொள்வாள். மாத விலக்கு வந்தால் எல்லாம் அவளே பார்த்துக்கொள்கிறாள், நீ பழக்கியிருக்கிறாய். சொட்டுநீர்க் குழாயில் எந்தச் சொட்டான் அடைத்திருக்கிறது என்று நடந்துபோகும்போதே கண்டுபிடித்து, ஊசியால் குத்தி விடுகிறாள். அதை நான் ருக்குமணியிடம் ஆச்சரியமாகச் சொன்னேன். பத்து வருடமாக மேகலாதான் செய்கிறாள் என்றார் அவர், நான்தான் ஏதோ புதிதாகக் கேள்விப்படுகிறேன் என்பதுபோல.

மூன்றாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு உன் கட்டிலில் கண்ணயர்ந்தேன். மூக்குக்கு நேரே ஏதோ இருப்பது போலத் தோன்றி விழித்தேன். மேகலா குனிந்து நின்று, உள்ளங்கையை என் மூக்கருகில் வைத்திருந்தாள். நான் விழித்ததும் கையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ருக்குமணியைக் கேட்டேன். உனக்கு இளைப்பு வந்த கடைசி வருடம் முழுக்க, நீ படுத்தால் இப்படித்தான் வந்து வந்து பார்ப்பாளாம். அக்கா, இது எனக்கு ஏன் தெரியாது? நீ ஏன் சொல்லவில்லை? நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா?

அதற்குப் பிறகு அந்தப் பொய் எனக்குள் உறுத்த ஆரம்பித்தது. இப்படி மூச்சுப் பார்த்தவளிடம் போய் ஆஸ்பத்திரி என்று சொல்லி வைத்திருக்கிறோமே என்று சாப்பாடு இறங்கவில்லை. போன வாரம் வாழைக்காய் வெட்ட வந்த வியாபாரி, வெளியூர்க்காரர், விவரம் தெரியாதவர், அம்மா இல்லீங்களா என்று அவளிடம் கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க என்று அவள் பதில் சொன்னாள். நல்லபடியா வரட்டுங்க என்றார் அவர். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டு வாழைத்தாரை எண்ணுவது போல நடித்தேன்.

நாளை மறுநாள் அலுவலர் வருகிறார். அவருக்குச் சொல்வதற்கு முன்னால் மேகலாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். சொன்னால் அவள் அலறலாம், உண்ணாமல் கிடக்கலாம், இனி என்னை வீட்டுக்குள்ளேயே விடாமல் போகலாம். அப்படி ஆனால் அலுவலர் எழுதப் போவது வேறு. எல்லாம் யோசித்துவிட்டுத்தான் இன்று காலை வெயில் ஏறுவதற்குள் அவளைத் தோட்டத்துக் கோடிக்கு, உன்னிடம் அழைத்து வந்தேன். மண் கொஞ்சம் அமுங்கியிருக்கிறது, மழைக்குப் பிறகு இன்னும் இரண்டு கூடை போட வேண்டும்.

“அம்மா ஆஸ்பத்திரியில இல்ல கண்ணு. செத்துப்போச்சு. இங்கதான் வெச்சிருக்கறோம். மாமன் உங்கிட்டப் பொய் சொல்லிப்போட்டேன்” என்றேன்.

அவள் அலறவில்லை. மண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“தெரியும்” என்றாள். “காத்தாலயே பாத்துப்போட்டேன். மூச்சு வரல.”

நீ போனதை முதலில் கண்டது பால் வாங்க வந்த ருக்குமணி என்றுதான் இத்தனை நாள் பேச்சு. அதற்கு முன்னால் இவள் உன்னருகில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அவள் போய்ச் சொல்ல ஆளிருந்ததா? சொல்லியிருந்தால் கேட்டிருப்போமா?

“அப்புறம் ஏங் கண்ணு, நான் ஆஸ்பத்திரின்னு சொன்னப்ப செரின்னே?” என்று கேட்டேன்.

இது என்ன கேள்வி என்பது போல இருந்தது அவள் முகம்.

“நீங்க அழுதீங்க” என்றாள்.

ஏழு மாதம், அக்கா. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நான் சொன்ன பொய்யை எனக்காக அவள் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். நான் உன் மண்மேல் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல். அவள் பக்கத்தில் நின்று, நான் முடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலுவலர் வரும்போது அன்று நான் சொன்னது பொய் என்று முதலில் சொல்லிவிடுவேன். கதவுக்குத் தாழ் போட்டதையும் சொல்வேன். அதைக் கேட்டு அவர் எனக்கு எதிராக எழுதினாலும் எழுதட்டும், நான் இந்த வீட்டை விட்டுப் போகப் போவதில்லை. ஆபீசை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்துக்கொண்டேன், சுலோச்சனாவும் அடுத்த மாதம் சாமான்களோடு வந்துவிடுகிறாள். மேகலாவை யார் கண்ணிலிருந்தும் மறைக்க மாட்டேன், அவளிடமிருந்தும் எதையும் மறைக்க மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. கொஞ்சம் தாமதம், மன்னித்துக்கொள்.

உன் கூடப் பிறந்தவன்,
மேகலாவின் தாய்மாமன்,
தங்கவேலு